சிவப்பு நூல் கட்டிய மீன்

ஹௌ ஷூச்சினுக்கு அந்த ஆற்றோரப் பூங்காவைக் கண்டாலே குமட்டும். நடைபாதை முழுக்கச் சூரியகாந்தி விதைத் தோலும் எச்சிலும். ஒலிபெருக்கியை அலறவிட்டு ஆடும் பெண்கள் கூட்டம். போதாததற்கு, படித்துறையில் மீன் விற்பவளின் வாளி. அதில் கையை விட்டால் நாள் பூராவும் வாடை போகாது. முப்பத்தோரு வருஷம் லான்ஜோ கம்பளி ஆலையில் ஆட்டு ரோமத்தோடு மல்லுக்கட்டியவள் ஷூச்சின். அவளுக்கே குமட்டுகிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஐந்து நாளாக விடிந்ததும் வந்துகொண்டிருந்தாள். புருஷன் லாவ் தெங்குக்கு வயிற்றில் அறுவை முடிந்து பதினெட்டு நாளாகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் எதையும் வாயில் வைக்க மாட்டேன் என்கிறார். சாப்பிடாவிட்டால் தேற மாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவள் கருணைத் தெய்வமான குவான்யின் தாய்க்கு நேர்ந்துகொண்டாள்: ஒன்பது நாள், ஒன்பது கெண்டை மீனுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்து ஆற்றில் விடுவது. ஊரே மீன் விடுகிற இடத்தில் தன்னுடையது எது என்று தாய்க்குத் தெரிய வேண்டாமா? வாளிக்காரியிடம் வாங்கும் ஒவ்வொன்றின் முதுகுத் துடுப்பிலும் சிவப்புக் கம்பளி நூலால் ஆலை முடிச்சு போட்டுவிடுவாள். அறுந்த இழையைச் சேர்க்கிற முடிச்சு அது; லேசில் அவிழாது.

ஐந்தாம் நாள் மீனை விட்டபின், ஆட்டக் கூட்டத்தின் இரைச்சல் தாங்காமல் கரையோரமாகவே நீரோட்டத்தின் போக்கில் நடந்தாள். பாலத்தடியில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவன் வலையைத் தூக்கினான். ஏழெட்டுக் கெண்டைகள் துள்ளின. ஒன்றின் முதுகில் சிவப்பு நூல்.

"அடப்பாவி! அது நான் இப்பத்தான் விட்ட மீனுடா!"

"விட்டீங்கல்ல பெரியம்மா? புண்ணியம் உங்களுக்கு வந்தாச்சு. இப்ப இது ஆத்து மீனு."

"சாமிக்கு விட்டதைப் பிடிச்சு விக்கிறியே, உன் தொண்டையில சோறு எறங்குதா?"

"ஜோரா எறங்குது. ஆமா, முடிச்சைக் கொஞ்சம் லூசாப் போடக்கூடாதா? படித்துறையில வாளி வச்சிருக்காளே, என் சம்சாரம், தெனமும் கத்திரிக்கோலை வச்சிக்கிட்டு அவஸ்தைப்படுறா."

சீ! அப்படியென்றால் விட்ட மீனையே மறுபடி மறுபடி வாங்கியிருக்கிறாளா? கண்ட இடத்தில் துப்புகிறவர்களை ஆயுள் முழுக்கத் திட்டியவள், அவன் பூட்ஸ்மேலேயே தூவென்று துப்பினாள். பிறகு ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். இத்தனை நாள் நேர்ச்சையும் வீண். லாவ் தெங் பிழைக்க மாட்டார் என்றே நினைத்துவிட்டாள்.

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்ததும் இஞ்சி மணத்தது. அடுப்படியில் மருமகன் யூ காங் வியர்த்துப்போய் நின்றான்.

"வாங்கம்மா! பாலத்தடியில ஒருத்தன்கிட்ட சல்லிசாக் கெடைச்சது. உயிரோட துள்ளுச்சு. சூப்பு பாருங்க, பால் மாதிரி வந்திருக்கு."

அவள் சூப்பைப் பார்க்கவில்லை. தொட்டியில் செதிலும் குடலுமாய்க் கிடந்த குவியலில், வெட்டிப்போட்ட ஒரு துடுப்பு. அதில் சிவப்பு நூல், அவளுடைய முடிச்சு. அவளுக்கு அந்தச் சட்டியை அப்படியே மருமகன் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

"எலே காங்," என்று உள்ளேயிருந்து லாவ் தெங்கின் குரல் வந்தது. "இன்னொரு கிண்ணம் கெடைக்குமா?"

எட்டிப் பார்த்தாள். கிண்ணம் காலி. அவர் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. "நல்ல மீனு. நாளைக்கும் இதையே வாங்கச் சொல்லு, ஷூச்சின்," என்றார்.

அவள் துடுப்பைக் கைக்குள் கசக்கிக் குப்பையில் போட்டாள். இரண்டாவது கிண்ணத்தை நிரப்பினாள்.

மறுநாள் காலை வாளிக்காரி கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் நேரே பாலத்தடிக்குப் போனாள். பூட்ஸ்காரன் அவளைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினான். அவன்மேல் இருந்த அருவருப்பு இம்மியும் குறையவில்லை. அதே அளவு இப்போது தன்மேலும் இருந்தது.

"என்ன பெரியம்மா, நூல் கொண்டாந்திருக்கீங்களா?"

"பெருசா ஒண்ணு எடு," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "செதிலை உரிச்சு, குடலை எடுத்துக் குடு."