வெளிக்கோடு

ஆறாம் வகுப்பில் என் கண்ணாடி பவர் கூடிவிட்டது. பழைய கண்ணாடி பென்சில் பாக்ஸில் சும்மா கிடந்தது. எங்கள் குடும்பத்தில் உருப்படியாக வந்த ஒரே குரூப் போட்டோ அந்தப் பழைய கண்ணாடியால்தான் வந்தது. இதற்காக இன்றைக்கும் யாரோடு வேண்டுமானாலும் சண்டைக்கு நிற்பேன்.

பெரியம்மா மகளுக்கு, அதாவது அக்காவுக்கு, நிச்சயதார்த்தம். படம் எடுக்கும் பொறுப்பு மாமாவுடையது. மாமா, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தம்பி. நாங்கள் இருந்த கைலாசபுரம் குவார்ட்டர்ஸே செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் மட்டும் ஃபிலிம் போடுகிற பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார். அந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. ஓரத்தில் ஒரு குட்டி ஜன்னல் உண்டு. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடு போட்ட கட்டங்கள் தெரியும். எந்த லென்ஸ் போட்டிருக்கிறோமோ அதற்கான கட்டத்துக்குள் இருப்பதுதான் படத்தில் விழும்.

ஸ்ரீரங்கத்தில் பெரியம்மா வீடு ரயில் பெட்டி மாதிரி. பின்னால் நகர்ந்து நின்று எடுக்க இடமே கிடையாது. வைட் லென்ஸ்தான் போட்டாக வேண்டும். அதற்கானது ஆக வெளியே இருக்கும் கட்டம். வம்பே அங்கேதான். மாமாவும் கண்ணாடிக்காரர். கண்ணாடியோடு பார்த்தால் கண் ஜன்னலை நெருங்காது, அந்த வெளிக்கோடு தெரியாது. கழற்றிவிட்டுப் பார்த்தால் கோடு இருக்கும் இடம் தெரியும், ஆள் யாரென்று தெரியாது. கடைசியில் குத்துமதிப்பாக ஒரு கிளிக். அவர் படங்களின் ஓரத்தில் சமையல்காரரின் பாதி முதுகு இலவச இணைப்பாக வந்து சேரும்.

"இவரு எடுத்தா பொண்ணு சின்னதா இருப்பா, துடைப்பக்கட்டை பெருசா இருக்கும்" என்று அத்தை உறையூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே மானத்தை வாங்கினார். அத்தை, மாமாவின் மனைவி. அந்த உரிமை அவருக்கு உண்டு.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பையோடு கொண்டுவந்திருந்த பென்சில் பாக்ஸைத் திறந்து, பழைய கண்ணாடியிலிருந்து ஒரு சில்லை அமுக்கி எடுத்தேன். மருந்து டப்பாவில் கிடந்த டேப்பால் அதை ஜன்னல் மேல் ஒட்டினேன். என் புதுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை ஜன்னலோடு ஒட்டவைத்துப் பார்த்தேன். நாலு பக்கமும் வெளிக்கோடு பளிச்சென்று நின்றது! நடுவில் ஃபோகஸ் ஆகாமல் இரண்டாகத் தெரிந்த அக்காவின் மூக்கு, லென்ஸைத் திருப்பத் திருப்ப ஒன்றாகச் சேர்ந்தது.

மாமா வாங்கிப் பார்த்தார். "எனக்கு மங்கலாத்தான் இருக்கு. உன் பவரு வேற, என் பவரு வேற. நீயே எடுடி."

"சின்னப் புள்ளகிட்ட குடுத்து ஃபிலிமை வீணாக்காதீங்க!" இது அத்தை.

நான் வாசற்படியை அடைத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். நடுவில் அக்காவும் மாப்பிள்ளையும், சுற்றிலும் இரண்டு வீட்டாரும். இடது கோட்டில் பாதி முகத்தோடு பெரியம்மா.

பெரியப்பா தவறியதிலிருந்து, விசேஷமென்றால் பெரியம்மா தாம்பூலத் தட்டைத் தானாகவே அத்தை கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். யாரும் போகச் சொன்னதில்லை, இருக்கச் சொன்னதும் இல்லை. "நீ பக்கத்துல நிக்காம நான் போட்டோவுக்கே வரல" என்று அக்கா காலையிலிருந்து அழுது பார்த்துவிட்டாள். நடக்கவில்லை. பெற்ற மகள் நிச்சயத்தன்று அம்மா சுவரோரம்.

எனக்கு இதெல்லாம் கவலையில்லை. கோடு முகத்தை வெட்டுகிறது, அவ்வளவுதான்.

"பெரியம்மா, பாதி வெட்டுது!"

"நான் இல்லடி படத்துல. நீ எடு."

"இருக்கீங்க. ஒரு கண்ணு, ஒரு காது, பாதிப் புடவை!"

"அண்ணி, கொஞ்சம் தள்ளிக்குங்களேன்" என்றார் அத்தை.

பெரியம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டார். அப்போதும் அரை முகம் உள்ளேதான்.

"இதுக்கு மேல தள்ளினா சுவத்துக்குள்ளதான் போகணும். உள்ள வாங்க பெரியம்மா! நீங்க வராம நான் எடுக்க மாட்டேன்."

எல்லோரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "புள்ள சரியாத்தான சொல்லுது? வாங்க சம்பந்தி, நின்னு நின்னு காலு வலிக்குது" என்றார்.

"கேமராக்காரி சொன்னா கேட்டுக்கணும்க்கா" என்றார் மாமா.

பெரியம்மா ஒரு அடி எடுத்து வைத்தார். அடுத்த அடிக்கு அக்கா காத்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். கோட்டுக்குள் எல்லோரும் முழுசாக இருந்தார்கள். கிளிக்! வாழ்க்கையில் அப்படியொரு சத்தத்தை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஸ்டூலிலிருந்து ராணி மாதிரி இறங்கப் போனேன்.

"இறங்காத. இன்னொண்ணு எடு" என்றார் மாமா.

எடுத்தேன்.

"இன்னொண்ணு."

ஒரு படம் எடுக்க ஒன்பது தடவை யோசிக்கிற மனுஷன் அவர். எனக்குச் சுருக்கென்றது. "நல்லாத்தான் மாமா வந்திருக்கு. நம்பலைன்னா நீங்களே எடுத்துக்குங்க!"

அவர் கேமராவை வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மாட்டிக்கொண்டு கூடத்தைப் பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். அங்கே பெரியம்மா அக்காவின் தோளில் கை போட்டு, சம்பந்தி சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எடுடி. இன்னொண்ணு."

ரோல் தீரும்வரை விடவில்லை. ஒரே படத்தை எதற்கு இத்தனை தடவை எடுக்கச் சொல்கிறார், இந்த ஆளுக்கு போட்டோகிராபியே தெரியவில்லை என்று ஸ்டூல் மேல் நின்றபடியே நான் முடிவு கட்டிவிட்டேன்.