துபாய் நாலு மணி நேரம், கீழ்வேளூர் எவ்வளவு நேரம்?

டிராவல்ஸ் வைத்திருக்கிறவன் டிக்கெட்டோடு விட்டுவிடலாம் என்று நினைத்தால் அது நடக்காது; பிளேன் ஏன் இவ்வளவு நேரம் பறக்கிறது என்பதற்கும் அவன்தான் ஜவாப்தாரி. கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் என் இனத்தாரே, தஞ்சாவூரில் என் கடைக்கு வந்த காதர் பாய் குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

போக இரண்டரை, வர ஐந்தரை

லீவு முடிந்து துபாய் திரும்பும் பாய்க்கு, போக வர டிக்கெட் எடுக்க அவர் மனைவி ஜமீலா அக்கா கீழ்வேளூரிலிருந்து வந்தார். நோன்பு முடிந்து மகள் நிக்காஹ். பெற்ற அத்தா வராமல் நிக்காஹ் வேண்டாம் என்று பெண் பிடிவாதமாகச் சொல்லியிருந்தது.

டிக்கெட்டைப் பார்த்தவர் முகம் சுருங்கியது. கிளம்பும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கழித்தால் போக இரண்டரை மணி, வர ஐந்தரை மணி. இரண்டு பக்கமும் நாலு மணி நேரப் பயணம்தான், துபாய் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரிங்க தம்பி. நிக்காஹ்க்கு வர்றப்ப அந்தப் போற பிளேனையே அனுப்பச் சொல்லுங்க, அதுதான் வெரசா போவுது."

மறையாத சூரியன்

நோன்பு மாதத்தில் பாய்க்கு மத்தியான பிளேன் போட்டது என் மடத்தனம். வீட்டில் எல்லாரும் நோன்பு திறந்து கஞ்சி குடித்து முடித்த நேரத்திலும் அவருடைய ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்திருக்கிறது. மேற்கே பறக்கப் பறக்க சூரியனும் கூடவே வந்ததாம். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் போன் வந்தது. திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். "தம்பி, அடுத்த நோன்புக்கு கிழக்கால போற பிளேனா பார்த்துப் போடுங்க. வேலைய சிங்கப்பூர்ல தேடிக்கிறேன்!"

வேனில் இடமில்லை

முதலாளி லீவு கொடுத்ததே கடைசி நேரத்தில்தான்; எடுத்து வைத்த டிக்கெட்டின் தேதியை மாற்ற வேண்டியதாயிற்று. நிக்காஹ் அன்று விடிகாலை திருச்சியில் இறங்கி, பதினொரு மணிக்குள் கீழ்வேளூர் சேர வேண்டும். டிக்கெட் போட்டவன் நான் என்பதால் பதைபதைப்போடு நானே ஏர்போர்ட் வாசலில் போய் நின்றேன். பிளேன் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது, எனக்கு உயிரும் வந்தது.

பாயோடு வேனுக்கு வந்தால், ஜமீலா அக்காவின் தம்பிகள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், பக்கத்து வீட்டார் என்று பாயை அழைத்துப்போக வந்த கூட்டம் வேனை அடைத்துக்கொண்டிருந்தது. பாய்க்குத்தான் இடமில்லை! இறங்கி பஸ்ஸில் வரச் சொன்னால் ஒருவரும் அசையவில்லை. "மச்சானைப் பாக்க ஆசையா வந்துட்டு எறங்குனா நல்லாவா இருக்கும்?" என்றார் மூத்த மைத்துனர். மணி ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாய்தான் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் துண்டை விரித்து உட்கார்ந்து, துபாயிலிருந்து கொண்டுவந்த டிவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "எடுப்பா வண்டிய" என்றார். நிக்காஹ் ஓதத் தொடங்குவதற்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தார்கள். சாயங்காலம் அவரே போன் செய்தார். பின்னால் கல்யாணச் சத்தம் கேட்டது. "பொண்ணு சிரிச்சிக்கிட்டே சம்மதம் சொல்லிச்சு தம்பி. அத்தாவாலதான் உக்கார முடியல, ஆகாயத்துல ஜன்னல் சீட்டு குடுத்தாங்க, சொந்தக்காரங்க வேன்ல அடுப்பு மேலல்லவா உக்கார வச்சிட்டாங்க!"

ஆக, நாடு விட்டு நாடு போகும் நேரத்தை நான் நிமிஷ சுத்தமாகச் சொல்லிவிடுவேன், ஏர்போர்ட்டிலிருந்து வீடு போகும் நேரத்தை மட்டும் சொந்தக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.