வெர்லீன் ஏணியில் இறங்கினால்

வெர்லீன் ஸ்டால்வொர்த் ஆசைப்பட்டும் கண்ணால் பார்க்காத ஒன்று உலகத்தில் இருந்தது. அது பெரிய இடி, அதாவது பந்தயக் கார்கள் கூட்டமாக மோதி நொறுங்குவது. அலபாமாவில் பிறந்து, பள்ளிக்கூட பஸ் ஓட்டிப் பிழைத்து, வருஷம் தவறாமல் அங்கே இருக்கிற ராட்சசக் கார்ப் பந்தயத் தடத்தின் நடுத்திடலில் பழைய பஸ் ஒன்றை நிறுத்தி, அதன் கூரைமேல் நாற்காலி போட்டு உட்காருகிறவள் பெரிய இடியைப் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் சத்தியமான உண்மை. நாற்பது கார்கள் ஒன்றின் வாலை ஒன்று உரசிக்கொண்டு பறக்கிற தடம் அது. ஒருத்தன் கை லேசாக நழுவினால் போதும், இருபது கார் சேர்ந்து நொறுங்கும். அது எப்போது நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. வெர்லீன் கழிப்பறைக்குப் போகும்போது நடக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அவளும் என்ன செய்வாள், பாவம்! ஐஸ் போட்ட இனிப்புத் தேநீரை ஜாடி ஜாடியாகக் குடித்துப் பழகிய உடம்பு. அடக்கி அடக்கிப் பார்ப்பாள். முடியாமல் ஏணியில் இறங்கி, அந்த நீல பிளாஸ்டிக் கழிப்பறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டதும் வெளியே 'டமார்' என்று கேட்கும். உடையை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தால் புகைதான் மிச்சம். நாளடைவில் அவள் ஏணியில் கால் வைத்தாலே அக்கம்பக்கத்துக் கூடாரக்காரர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். "ஏய், வெர்லீன் இறங்குறா! போனை எடு, போனை எடு!" என்று ஒரு குரல் கிளம்பும். ஒரு பொம்பளை நிம்மதியாக ஒன்றுக்குப் போக முடியாத இடம் என்ன இடமோ, போங்கள்!

இந்த வருஷம் விஷயம் விளையாட்டாக இல்லை. அவள் தங்கை ஜோனெலின் மகன் கோல்பி முதல் தடவையாக அந்தப் பந்தயத்தில் ஓட்டினான். அவன் குழுவிடம் இருந்ததே ஒரு கார்தான். அது நொறுங்கினால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். கோல்பி பழையபடி டயர் கடையில் பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான். அதனால் பந்தயம் தொடங்குமுன் ஜோனெல் பஸ் கூரையில் ஏறி, அக்காவின் தேநீர் ஜாடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது."

"ஏன்டி, இந்த வெயில்ல செத்துடுவேன்டி."

"செத்தாலும் மேலயே சாவு. கீழ இறங்காத. என் புள்ள ஓட்டுறான்."

பக்கத்து பஸ்காரன் ராய்ஸ் நட்பாக நீட்டிய அவித்த வேர்க்கடலையையும் ஜோனெல் அப்படியே கீழே கொட்டினாள். ஓட்டோடு கடலை பந்தயத்துக்கே ஆகாது என்பது ஓட்டுகிறவர்களின் பழைய நம்பிக்கை. அதிலும் இது உப்புப் போட்டு அவித்தது, தாகம் எடுக்கும். வெர்லீன் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். காலையிலேயே இரண்டு பெரிய குவளை தேநீர் இறக்கியிருந்ததைத் தங்கையிடம் எந்த முகத்தோடு சொல்வது?

பாதிப் பந்தயத்தில் அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது. கால்மேல் கால் போட்டாள், மாற்றிப் போட்டாள், எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள்.

"என்ன வெர்லீன், ஏணி துருப்பிடிக்குதே!" என்று ராய்ஸ் கத்தினான்.

"உன் வாய் துருப்பிடிக்க! பேசாம கறியைத் தின்னுய்யா!"

அக்காவும் தங்கையும் காதில் மாட்டியிருந்த ரேடியோவில் கோல்பி தன் குழுவோடு பேசுவது கேட்டுக்கொண்டிருந்தது. பார்வையாளர் மாடத்தின் உச்சியில் நின்று அவனுக்கு வழி சொல்கிறவன் ஹார்வி. சக்கரம் மாற்றும்போது ஒரு திருகு உருண்டு ஓடிப்போனதில் கோல்பி எல்லோருக்கும் பின்னால், கடைசியிலும் கடைசியாக ஓட்டிக்கொண்டிருந்தான். பந்தயம் முடியப் பத்துச் சுற்று இருக்கும்போது அவன் குரல் வந்தது.

"ஹார்வி, எங்க பெரியம்மா இன்னும் பஸ் மேலதான் இருக்காங்களா?"

"ரெண்டு தொப்பி தெரியுது. அதுல ஒண்ணு நெளியுது."

"அப்ப அவங்களைப் போயிட்டு வரச் சொல்லுங்கண்ணே! எனக்கு முன்னாடி ஒரு ஊரே போகுது. நான் தள்ளி இருக்கேன், அவங்க இடிச்சிக்கிட்டாலும் ஒதுங்க நேரம் இருக்கு."

ஜோனெல் மெதுவாக அக்காவின் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து காணாத ஒரு குழைவு அவள் முகத்தில்.

"அக்கா, போயிட்டு வாயேன்."

"அடிப்பாவி! காலையிலேர்ந்து கட்டிப்போடாத குறை, இப்ப போன்னா போகணுமா? நான் என்ன தண்ணிக் குழாயா, நீங்க திருகினா திறக்க?" வெர்லீன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை கண்ணால பார்க்கணும்டி. நம்ம புள்ள ஓட்டுறதையாவது முழுசா பார்க்க விடுங்கடி."

"உன் புள்ளதானக்கா கேக்குறான்."

வெர்லீன் நாற்காலியைத் தள்ளிவிட்டாள். ஏணியில் இறங்கினாள். நடுத்திடலே எழுந்து நின்று கை தட்டியது.

மூன்று நாள் கூட்டத்துக்குப் பிறகு மனுஷர் நுழையக்கூடியதாக மிஞ்சியிருந்தது ஒரே கழிப்பறை. அதுவும் உள்ளே தாழ்ப்பாள்! வெர்லீன் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள்.

"யாருய்யா உள்ள? வெளிய வாய்யா!"

"இப்பத்தாம்மா உக்காந்தேன்!"

"உக்காந்தது போதும், எந்திரி!"

"உடம்பு கேக்கணுமேம்மா!"

அப்போதுதான் இரைச்சல் மாறியது. வெர்லீன் திரும்பிப் பார்த்தாள். சுவர் மாதிரி சாய்ந்து நிற்கிற வளைவில் ஒரு சிவப்புக் கார் நீலக் காரின் பின்புறத்தைத் தொட்டது. தொட்டதுதான் தாமதம், கார்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின, ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து சறுக்கியது, கதவும் சக்கரமும் வானத்தில் பறந்தன. வாயைப் பிளந்து நின்றாள். அடிவயிற்று அவசரம்கூட மறந்துபோனது. புகைக்கு அடியில், புல்லோரமாக, ஒரு கீறலும் இல்லாமல் கோல்பியின் மஞ்சள் கார் நழுவி வெளியே வந்தது.

"அடியாத்தி! என் ராசா!" என்று கத்தி, குதித்துவிட்டாள். நொறுங்கின கார்களிலிருந்து எல்லாரும் நல்லபடியாக இறங்கி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நின்றார்கள்.

கழிப்பறைக் கதவு திறந்தது. ஒல்லியாக ஒருவர் இடுப்புவாரைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். "போச்சா? இடிச்சிட்டானுங்களா?" என்று கேட்டுவிட்டு, புகையைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "எப்பவும் இதேதாம்மா! வருஷா வருஷம் டென்னசியிலேர்ந்து வர்றேன். நான் உள்ள போய் உக்காந்தாத்தான் இடிப்பானுங்க. வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு வாயே திறக்கிறதில்ல."

வெர்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க பேரு என்னண்ணே? கூடாரம் எங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே பாய்ந்து தாழ்ப்பாள் போட்டாள்.

தடத்தைச் சுத்தம் செய்யும்வரை மஞ்சள் கொடி காட்டி, மிஞ்சிய கார்களை மெதுவாக ஊரவிட்ட நேரத்தில் அவள் திரும்பி வந்து சேர்ந்தாள். கோல்பி ஆறாவதாக வந்தான். அந்தக் குழுவுக்கு அது முதல் பரிசு மாதிரி. ராய்ஸ் அவளைத் தூக்கிச் சுற்றினான். ஜோனெல் கட்டிப் பிடித்து அழுதாள். "எல்லாம் உங்க புண்ணியம் பெரியம்மா!" என்று காதுக்குள் கோல்பி கத்தினான். "நீ பார்க்காம போயிட்டியேக்கா!" என்று ஜோனெல் கையை ஆட்டி ஆட்டி முழு மோதலையும் நடித்துக் காட்டினாள். வெர்லீன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்படியா! அடக் கடவுளே!" என்று கேட்டுக்கொண்டாள். 'மோதினபோது நான் உள்ள போகவே இல்லை' என்று சொல்லி இத்தனை புகழையும் கெடுத்துக்கொள்ள அவளுக்கென்ன பைத்தியமா?

அடுத்த பந்தயத்துக்கு பஸ் கூரையில் மூன்று நாற்காலிகள். மூன்றாவதில் டென்னசிக்காரர் டெல்மர், இவ்வளவு நல்ல மனுஷியா என்ற நெகிழ்ச்சியோடு உட்கார்ந்திருந்தார். கோல்பி பின்னால்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்றுகள் நெருங்கியதும் காதுக்குள் அவன் குரல் கேட்டது.

"பெரியம்மா, போறீங்களா?"

ராய்ஸ் போனைத் தூக்கிப் பிடித்தான். வெர்லீன் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஜாடியை எடுத்து, பெரிய குவளை நிறையத் தேநீர் ஊற்றி டெல்மரிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணு குடிங்கண்ணே," என்றாள், தடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "வெயில் ரொம்ப இருக்கு."