முதல் நாளே குறைந்த ஐந்து டன்

ஊர் முழுவதும் கிலோ அக்கா என்று அறியப்பட்டவர் 1964ஆம் ஆண்டு பிறந்தார். நகராட்சிக் குப்பைக் கிடங்கின் எடைமேடையில் 1996 முதல் 2024 வரை பணியாற்றினார். அப்பட்டப்பெயரைச் சூட்டியவர் காய்கறிக் கடைக்காரர். வாங்கிய பையைக் கையில் தூக்கிப் பார்த்து, "ஒரு கிலோ இல்லைங்க, தொள்ளாயிரத்து எண்பது" என்பார் அக்கா. கடைக்காரர் முறைத்துக்கொண்டே மறுபடி தராசில் வைப்பார். பிறகு முறைப்பு அடங்கி, ஒரு தக்காளியை எடுத்துப் பைக்குள் போடுவார். ஒரு செய்தியில் ஐயம் எழுந்துவிட்டால் அது தீரும்வரை அக்காவுக்குச் சோறு இறங்காது. இது வீட்டாருக்கும் கிடங்கில் உள்ளவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

எடைமேடை இயங்கும் விதத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. வாயிலுக்கு உட்புறம் தரையோடு தரையாக ஓர் இரும்பு மேடை. அதன் அருகே எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை. அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சிவப்பு எண்கள் ஒளிரும் ஒரு பெட்டி, மேடையைப் பார்த்த ஒரு கண்ணாடிச் சன்னல். குப்பை லாரி உள்ளே வரும்போது மேடையில் நிற்கும். அது மொத்த எடை. குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது மீண்டும் நிற்கும். அது வெறும் வண்டியின் எடை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் குப்பையின் எடை. பதினான்கு லாரிகள், நாளொன்றுக்கு மும்மூன்று நடை, ஆக நாற்பத்திரண்டு நடைகள். ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுநரோடு இரண்டு பணியாளர்கள் வருவார்கள்.

2018 மார்ச் முதல் நாள் நகரில் ‘குப்பையைக் குறைப்போம்’ இயக்கம் தொடங்கியது. அதை நடத்தியவர் சுகாதார அலுவலர், நாற்பது வயதுப் பெண்மணி. முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் மாடிப்படி ஏறி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியவர். ஊரும் அவருக்குத் தோள் கொடுத்தது. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். மருந்துக் கடைக்காரர் பிளாஸ்டிக் பையை நிறுத்தினார். அடுக்குமாடிக் குடியிருப்பினர் மக்கும் குப்பையை மொட்டைமாடியிலேயே உரமாக்கினார்கள். தையற்காரரான கிலோ அக்காவின் கணவர் பழைய திரைச்சீலைகளை வெட்டி நானூறு துணிப்பைகள் தைத்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தார்.

ஓராண்டு முடிந்ததும் அலுவலர் எடைமேடை அறைக்கு வந்தார்.

"அக்கா, போன வருஷத்தோட இந்த வருஷத்தை ஒப்பிட்டு ஒரே ஒரு தாள் வேணும். உங்க கையெழுத்தோட. பதினஞ்சாம் தேதிக்குள்ள மாநில அரசுக்கு அனுப்பணும்."

"எவ்வளவு குறைஞ்சிருக்கணும் மேடம்?"

"அஞ்சுல ஒரு பங்கு. குறைஞ்சிருந்தா ‘குப்பை குறைந்த நகரம்’னு பட்டம். இருபத்து நாலாம் தேதி கூட்டத்துல அறிவிச்சிடலாம். பந்தலுக்குக்கூடச் சொல்லியாச்சு."

கணக்கு எளிதாகவே முடிந்தது. முந்தைய ஆண்டு நாளொன்றுக்குச் சராசரி தொண்ணூற்றெட்டு டன், இவ்வாண்டு எழுபத்தெட்டு. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே குறைந்திருந்தது. அத்தோடு விட்டிருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அக்கா, நாள்வாரி எடையைக் கட்டம்போட்ட தாளில் புள்ளி வைத்து வரைந்து பார்த்தார். சிறிது சிறிதாகச் சரிந்து இறங்க வேண்டிய கோடு, இயக்கம் தொடங்கிய மார்ச் முதல் நாளன்றே படியிலிருந்து தவறி விழுந்ததுபோல ஏறத்தாழ ஐந்து டன் இறங்கியிருந்தது. வீடுகளுக்கு இயக்கத்தின் குப்பைத் தொட்டிகள் வந்து சேர்ந்ததோ பன்னிரண்டாம் தேதி.

அன்று மாலை தையல் இயந்திரத்தின் அருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஊர்வலம் போனது சாயங்காலம். குப்பை குறைஞ்சது அன்னிக்குக் காலையிலேயே. இது எப்படிங்க?"

"ஊர்வலம் வரப்போகுதுன்னு கேள்விப்பட்டே குப்பை பயந்திருக்கும்."

"சிரிக்காதீங்க. அஞ்சு டன்."

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? குறைஞ்சா சந்தோஷப்படாம, ஏன் குறைஞ்சேன்னு அதை உக்கார வெச்சு விசாரிக்கிற!"

"காரணம் தெரியாம எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

கணவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நானூறு பை தைச்சிருக்கேன். அதையும் கொஞ்சம் மனசுல வெச்சுக்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனாலும் அது அக்காவின் மனத்தில் தைத்தது. பட்டம் கிடைக்கும் என்று தெருவே காத்திருந்தது. அது கிடைப்பதும் நழுவுவதும் தம்முடைய ஒரு கையெழுத்தில் இருக்கிறது என்பதை அவர் அறிவார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு காரணமாக முறைப்படி தேடத் தொடங்கினார். மழை நின்றதால் ஈரம் குறைந்து எடை இறங்கியிருக்குமோ என்று பார்த்தார். பிப்ரவரியிலும் மழை இல்லை, மார்ச்சிலும் இல்லை. லாரி ஏதேனும் வராமல் போயிற்றோ? நாற்பத்திரண்டு நடையும் பதிவாகியிருந்தன. மேடையே பழுதோ? சோதனைக்கென்று வைத்திருந்த இருபது கிலோ இரும்புக் கற்கள் இருபதையும் மேடையில் அடுக்கினார். பெட்டி நானூறு என்று காட்டியது. ஓட்டுநர்களைக் கேட்டால், "குறைஞ்சுது, அவ்வளவுதான்க்கா. குப்பைக்கு வாய் இருந்தா அதையே கேக்கலாம்" என்றார்கள். ஒன்பது நாள்கள் இப்படியே கழிந்தன. பதினைந்தாம் தேதிக்கு நான்கு நாள்களே எஞ்சியிருந்தன.

பத்தாம் நாள் காலை ஒன்பதாம் எண் லாரி மேடையில் ஏறி நின்றது. அதில் பணியாளர் ஒருவர் இருந்தார். நெடுநெடுவென்று வளர்ந்தவராதலால் எல்லாரும் அவரை ஒட்டகம் என்பார்கள். முன்தினம் கால் சுளுக்கியிருந்ததால், மற்றவர்களைப் போல வாயிலிலேயே இறங்காமல் குப்பையின் மேலேயே உட்கார்ந்து வந்துவிட்டார். பெட்டி 5,420 என்று காட்டியது. அக்கா பொத்தானை அழுத்தக் கையைக் கொண்டுபோனார்.

"அக்கா, பொறுங்க! நான் இறங்கிடறேன். எடை போட்டதும் இந்த பிளாஸ்டிக் மூட்டையைக் கொட்டகையில குடுக்கணும்" என்று ஒட்டகம் மெல்லச் சறுக்கிக் கீழே வந்து, மூட்டைக்காகக் கையை நீட்டினார்.

பெட்டி 5,360 என்று மாறியது.

அக்காவின் விரல் பொத்தானின் மேலேயே நின்றுவிட்டது.

"ஏறுப்பா."

"என்னக்கா?"

"மறுபடி மேல ஏறு."

"இப்பத்தான்க்கா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்கினேன்!"

"ஒரே ஒரு தடவைப்பா. மூட்டையைத் தொடாத. ஏறு."

ஒட்டகம் முனகிக்கொண்டே ஏறினார். 5,420. இறங்கச் சொன்னார். 5,360. மூன்றாம் முறை கேட்க வாயெடுத்தபோது ஒட்டகம் கும்பிடு போட்டுவிட்டு நொண்டியபடியே நழுவிவிட்டார்.

புதிர் அவிழ்ந்தது. இயக்கம் தொடங்குவதற்கு முன்பெல்லாம் பணியாளர் இருவரும் குப்பையின் மேல் அமர்ந்தபடியே மேடைக்கு வருவார்கள். குப்பையைக் கொட்டியதும் கைகால் கழுவக் குழாயடிக்கு நடந்துவிடுவார்கள். வெறும் வண்டி தனியாகத் திரும்பும். ஆக, வரும்போது மேடையில் ஏறிய இருவர், போகும்போது ஏறுவதில்லை. அவர்களுடைய எடை குப்பையின் எடையாகப் பதிவாகிவந்தது. 2018 மார்ச் முதல் நாளிலிருந்து, பணியாளர்கள் வண்டியிலேயே தரம்பிரித்த மூட்டைகளை வாயிலருகே உள்ள கொட்டகையில் ஒப்படைக்கவேண்டும் என்று அலுவலர் ஆணையிட்டார். அன்று முதல் பணியாளர்கள் கொட்டகையருகே காத்திருக்க மேடைக்கு முன்பே இறங்கிவிட்டார்கள். மூட்டைகள் லாரியிலேயே இருந்து எடைபோட்ட பின்னர்தான் இறங்கின. அவற்றால் கணக்கில் மாற்றமில்லை. குறைந்தது ஆள்கள்தாம்.

அன்று பிற்பகல் கடைசி நடை முடிந்ததும் இருபத்தெட்டுப் பணியாளர்களையும் மேடையின்மேல் ஒன்றாக நிற்கச் சொன்னார்.

"போட்டோ எடுக்கறீங்களாக்கா? தலை சீவிட்டு வரேன்."

"நீ நடுவுல நில்லு மாமா. ஓரத்துல நின்னா மேடை சாஞ்சிடும்."

"உன் வாய் இருக்கே, அதுவே அரை டன் வரும்டா!"

பெட்டி 1,620 காட்டியது. ஆளுக்கு ஐம்பத்தெட்டு கிலோ. நடைக்கு நூற்றுப் பதினாறு. நாளொன்றுக்கு ஐந்து டன்னுக்கு மிக நெருக்கம். அக்கா காரணத்தை அவர்களிடம் மறைக்காமல் சொன்னார். சிரிப்பு அடங்கியது.

"அப்ப இத்தனை வருஷமா எங்களையும் குப்பையில சேத்துட்டீங்களாக்கா?" என்று ஒட்டகம் கேட்டார்.

"நான்தான்பா சேத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து தினமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தோணவே இல்லை. இப்ப எடுத்துடறேன்."

எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் அன்றே கணக்கிட்டார். முந்தைய ஆண்டின் உண்மைச் சராசரி தொண்ணூற்று மூன்று டன். அதிலிருந்து எழுபத்தெட்டுக்கு இறங்கியது நூற்றுக்குப் பதினாறு. பட்டத்துக்கு இருபது வேண்டும். ஊர் உழைத்தது மெய். ஆனால் பட்டம் இல்லை.

பதினான்காம் தேதி, திருத்திய தாளில் கையெழுத்திட்டு அலுவலரின் மேசைமேல் வைத்தார். அலுவலர் அதை இரண்டு முறை படித்தார்.

"அக்கா, இதை யாரும் வந்து தோண்டப் போறதில்லை."

"தோண்டவே வேண்டாம் மேடம். மேலாகவே இருக்கு. முதல் நாளைப் பாத்தாலே போதும். எனக்கு ஒன்பது நாள் ஆச்சு, வர்றவருக்கு ஒன்பது நிமிஷம் ஆகும்."

"நான் எத்தனை படி ஏறியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அந்தப் பதினாறு நீங்க ஏறினதுதான். மீதி நாலு, எங்க ஆளுங்க இறங்கினது."

அலுவலர் சிரிக்கவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அனுப்பினாரா இல்லையா என்பது பத்து நாள்வரை எவருக்கும் தெரியவில்லை. அந்தப் பத்து நாளும் கணவர் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உப்பு இருக்கா இல்லையான்னாவது சொல்லும்மா" என்று கணவர் கேட்டார்.

இருபத்து நாலாம் தேதி பந்தலில் எண்ணூறு பேர் கூடினார்கள். அலுவலர் ஒலிபெருக்கியின் முன் வந்து, குறைந்தது பதினாறு விழுக்காடு என்றும், பட்டம் கிடைக்காது என்றும் சுற்றி வளைக்காமல் சொன்னார். காரணத்தையும் விளக்கினார். பந்தலில் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் சிலர் எழுந்து நாற்காலியைத் தள்ளினார்கள். "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?" என்றது ஒரு குரல். ஒப்பனையோடு நாடகத்துக்குக் காத்திருந்த சிறுமியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது மருந்துக் கடைக்காரர் கையை உயர்த்தினார்.

"சரி, பதினாறு ஊர் முழுக்க. எங்க தெரு எவ்வளவு?"

அலுவலர் கிலோ அக்காவைப் பார்த்தார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "உங்க தெரு ஆறாம் வண்டி. பதினொண்ணு" என்றார்.

"பதினொண்ணுதானா? மார்க்கெட் பக்கம்?"

"ரெண்டாம் வண்டி. இருபத்தேழு."

எழுந்து போனவர்கள் நின்றார்கள்.

"மார்க்கெட்காரங்க இருபத்தேழா? நம்பவே மாட்டேன். அங்க வந்து பாத்திருக்கீங்களா?"

"நீங்க வந்து பாருங்களேன்! பொறாமைக்கும் ஒரு அளவு வேணும் மாமா!"

"எட்டாம் வண்டி சொல்லுங்க அக்கா! எட்டு!"

நாடகம் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. மறு ஞாயிற்றுக்கிழமை எடைமேடையின் வாயிலில் அறுபது பேர் வந்து நின்றார்கள். தத்தம் தெருவின் லாரி மேடையில் ஏறும்போது கண்ணாடிச் சன்னலில் முகம் பதித்து எண்ணைப் படித்தார்கள். மருந்துக் கடைக்காரர் நோட்டுப் புத்தகமே கொண்டுவந்திருந்தார். அடுத்த மாதம் முதல் வண்டிவாரி எடையை வாயில் பலகையில் எழுதச் சொல்லி அலுவலர் ஆணையிட்டார். மேடையில் லாரி நிற்கையில் எவரும் அதன்மேல் இருக்கக்கூடாது என்ற விதியும் அதே ஆணையில் இருந்தது.

அடுத்த ஆண்டு எடை மேலும் ஒன்பது விழுக்காடு குறைந்தது. பட்டம் எந்த ஆண்டும் இவ்வூருக்கு வரவில்லை.

கிலோ அக்கா 2024 மே மாதம் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு நவம்பர் பன்னிரண்டாம் நாள் காலை, பால் வாங்கப் போனவர் கிடங்கு வாயில் பலகையின் முன் நின்றார். தம் தெருவின் நான்காம் வண்டி முந்தைய நாளைவிட நாற்பது கிலோ கூடியிருந்தது. பால் பாத்திரத்தோடு உள்ளே போய், வெறும் வண்டியை மறுபடி மேடையில் ஏற்றிக் காட்டும்படி புதிய ஊழியரிடம் கேட்டார். ஏற்றிக் காட்டினார்கள், எடை சரியாகவே இருந்தது. அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த நாற்பது கிலோ எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விசாரிக்கத் தெருவை நோக்கி நடந்தார்.