நான் நிமிர்த்திய முள்

கோவில்பட்டியில் முப்பது வருஷம் பல்செட் செய்தவன் நான். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். மெழுகில் பல் அடுக்கி, அக்ரிலிக்கில் வார்த்து, பாலிஷ் போட்டுக் கொடுப்பேன். என் லேபிலிருந்து ஒரு கோணப்பல் வெளியே போனதில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த ஓர் அண்ணாச்சி மேல்செட்டுக்கு வந்தார். பழைய போட்டோவைக் காட்டி, "இந்தக் கோணப்பல்லு அப்படியே வேணும்வே. அதுதான் என் அடையாளம்" என்றார்.

"அதுக்கு வேற ஆளப் பாருங்க அண்ணாச்சி."

பாவம், நான் வைத்துக் கொடுத்த வரிசைப் பல்லோடு போனார்.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ட்ரைலோபைட் சேர்ப்பார். நாற்பது கோடி வருஷத்துக்கு முன் கடலில் ஊர்ந்து, கல்லாகிப்போன பூச்சி மாதிரியான உயிர். சிலதுக்கு உடம்பெல்லாம் முள். எங்கள் கரிசலைத் தோண்டினால் சுக்கான்கல்தான் வரும் என்பதால் மொராக்கோவிலிருந்து வரவழைப்பார். அவர் வீட்டுக்குப் போனால் காப்பிக்கு முன்னால் ட்ரைலோபைட் வரும்.

ஒருநாள் பாதி கல்லுக்குள் கிடந்த ஒன்றைக் கொண்டுவந்தார். "முள்ளு ஒண்ணுவிடாம வெளிய எடுத்துத் தாரும். திருநெல்வேலியிலேருந்து ரிட்டையர்டு ஜியாலஜி மேடம் ரெண்டு வாரங்கழிச்சு ஞாயித்துக்கெழம பாக்க வாராவ. நான் அனுப்பின இதோட போட்டோவப் பாத்துட்டு, ரொம்ப வருஷமா இதத்தான் தேடுதேன்னாவ."

பல் தேய்க்கும் மைக்ரோமோட்டாரில் ஊசி போன்ற மெல்லிய பர் மாட்டி, லென்ஸ் வழியே பார்த்துப் பார்த்துப் பதினோரு நாள் கல்லைச் சுரண்டினேன். பதினாறு முள்ளும் வந்தன. முன்பே வெளியே தெரிந்த இடப்பக்கத்தில் ஒன்று மட்டும் நடுவில் முடிச்சு விழுந்து வளைந்து நின்றது. கை அரித்தது. யாரையும் கேட்கவில்லை. அதை அடியோடு தேய்த்துவிட்டு, அக்ரிலிக்கில் நேர்முள் செய்து, கல் நிறம் ஏற்றி ஒட்டினேன்.

"இப்பதான்வே லட்சணமா இருக்கு" என்ற அண்ணாச்சி, அதை ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் லைட் போட்டு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் வந்தார். குனிந்தார். அண்ணாச்சி அனுப்பியிருந்த போட்டோவை எடுத்து ஒப்பிட்டார். "அந்த வளைஞ்ச முள்ளு எங்க?"

"நிமித்தியாச்சு மேடம்" என்றேன் பெருமையாக.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏதோ ஒண்ணு இதக் கடிச்சிருக்கு. தப்பிச்சு, காயம் ஆறி, அந்த முள்ளு கோணலா வளந்திருக்கு. அதப் பாக்கத்தான் வந்தேன். துண்டாவது இருக்கா?"

துண்டு ஏது? பொடிப்பொடியாகிக் குப்பைக்குப் போய்விட்டது. நாற்பது கோடி வருஷம் தாங்கிய முள் என்னிடம் அரைமணி நேரம் தாங்கவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

அண்ணாச்சி ஏசவில்லை. அதுதான் வலித்தது. "இவருட்ட கோணலா எதையும் குடுக்கப்படாது மேடம்" என்றார், நான் செய்த வரிசைப் பல் தெரிய. "என் வாயவும் இப்படித்தான் பண்ணிட்டாரு. வீட்டுக்காரி இன்னமும் வேத்தாளப் பாக்க மாதிரி பாக்கா."

இளைய டெக்னீசியன்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கோணலைக் கண்டால் முதலில் மோட்டாரை அணையுங்கள். அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

மேடம் வந்துபோன மறுநாள் அண்ணாச்சியின் செட்டைக் கழற்றி வாங்கி, அவருடைய பழைய போட்டோவை மேஜையில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு பல்லைக் கோணலாக மாற்றி வைத்தேன். மூன்று தடவை பிசகியது. கை தன்னால் நேராகவே வைத்தது. நாலாவது தடவை சரியாக வந்தது. மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தேன். கோணப்பல்லை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நாந்தான்வே" என்றார்.