பதினெட்டு அடி

நான் பழைய லாரிகளை வாங்கி விற்கிறவன். பொய் சொல்லாமல் இந்தத் தொழிலில் ஒரு டயரைக்கூடத் தள்ளிவிட முடியாது. அதனால் பொய்யின் லட்சணம் எனக்கு நன்றாகத் தெரியும். சொல்கிறவனுக்கு அதில் ஏதாவது ஆதாயம் இருக்கும். கீழே எழுதியிருப்பதில் எனக்குக் காலணா ஆதாயம் கிடையாது. நடந்ததை நடந்தபடி, மணி நேரத்தோடு எழுதுகிறேன். என் கைக்கடிகாரம் இரண்டு நிமிடம் வேகமாக ஓடும். கழித்துக்கொள்ளுங்கள்.

நான் வளர்ந்தது மொத்த வியாபாரிகளின் தெருவில். எங்கள் வீட்டில் முதலில் சொன்ன விலையை யாரும் நம்பியதில்லை, முதலில் சொன்ன சேதியையும் நம்பியதில்லை. எனக்குத் தங்கை பிறந்திருக்கிறாள் என்று ஆஸ்பத்திரியில் வந்து சொன்னபோது, "சரியா பாத்தீங்களா?" என்று கேட்டவர் என் அப்பா. அந்த வம்சத்தில் வந்தவன் பேயை அவ்வளவு லேசில் கொள்முதல் செய்துவிட மாட்டான்.

அப்போது என் மனைவி போய் மூன்று மாதம். எனக்கு அழுகை வரவில்லை. சாப்பாடு ருசிக்கவுமில்லை, கசக்கவுமில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் தெரியாதே, முழு ஆளாக அப்படி இருந்தேன். கடைசி வாரத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் தம்பியப் பாத்துக்கோங்க. அவனுக்கு வாய் இருக்கிற அளவுக்குக் கண்ணு இல்ல."

அந்தத் தம்பிதான் என் மச்சான். வயது நாற்பத்திரண்டு. என்னோடுதான் வேலை. தூங்கும்போது மட்டும் வாயை மூடுவான், அதுவும் பாதிதான். அவளிடமிருந்து எனக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான்.

மிச்ச நேரத்துக்கு லாரிகள் இருந்தன. மூக்கு நீண்ட பழைய கனரக வண்டிகள். எஞ்சின் வெளியே தலை நீட்டிக்கொண்டு, நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரித்த முன்கண்ணாடியோடு வருமே, அவை. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எங்கள் வட்டத்தில் நாற்பத்தோரு பேர் உண்டு. ஒரு ஹெட்லைட் வளையம் கம்பெனியில் போட்டதா, பிற்பாடு மாட்டியதா என்று விடிய விடியச் சண்டை போடுவோம். சேஸிஸ் எண்ணை வைத்து, எந்த வண்டி எந்த வருடம் யாரிடம் இருந்தது, என்ன பாரம் ஏற்றியது என்று ஜாதகமே எழுதி வைத்திருப்போம். எங்களுக்குள் ஒரு மானப் பிரச்சினையும் உண்டு. வாங்கிய வண்டி அதன் சொந்த மூச்சில் ஷெட்டை விட்டு வெளியே வர வேண்டும். கயிறு கட்டி இழுத்து வந்தால், "பிணம் தூக்கிட்டு வந்தியா?" என்று ஆயுசுக்கும் கேட்பார்கள்.

அந்த வண்டியின் சேதி ஒரு வியாழக்கிழமை வந்தது. பத்து டன் வண்டி. அந்த மாடலில் எங்களுக்குத் தெரிந்து ஏழுதான் மிச்சம். இது எட்டாவது. உரிமையாளர் இறந்து நான்கு வருடம். விற்பவர் அவருடைய மனைவி.

பிற்பகல் 4.10. மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் இழுவை வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நானும் மச்சானும் உள்ளே போனோம். நான் பாதி விலைக்குக் கேட்டேன். அந்த அம்மா சரி என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. விலை பேசாமல் தலையாட்டுகிறவர் ஒன்று பொருளை அறியாதவர், இல்லையென்றால் நன்றாக அறிந்தவர்.

"இன்னைக்கே கொண்டு போயிடணும்," என்றார். "இழுத்துட்டுப் போங்க. ஸ்டார்ட் பண்ண வேணாம்."

"ஏம்மா?"

"இழுத்துட்டுப் போங்க." சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஷெட் தாழ்வாக இருந்தது. வெளியே சாலையை மேல்மேலாகப் போட்டு உயர்த்தியதில் ஷெட் பள்ளமாகிவிட்டது. வாசலில் ஏறுமுகமாக ஒரு சிமெண்டுச் சரிவு. லாரி மூக்கைப் பின்சுவர் பக்கம் வைத்து நின்றது. பச்சை பெயிண்ட், அசல். எண் தகட்டின் ஆணிகூட அசல். பாரம் ஏற்றும் பெட்டி மட்டும் இல்லை. கேபினுக்குப் பின்னால் வெறும் இரும்புச் சட்டம், கடைசியில் சக்கரங்கள், அவ்வளவுதான். மச்சான் வீட்டு ஜன்னல் வரை போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"பலகை எல்லாம் அவங்க வீட்டுக்காரர் எரிச்சுட்டாராம் மாமா."

"அடுப்புக்கா?"

"நானும் அதான் கேட்டேன். இல்லைன்னு சொல்லி ஜன்னலச் சாத்திட்டாங்க."

புது பேட்டரி வைத்தோம். கேனில் கொண்டுபோன டீசலை ஊற்றினோம். குழாய்களிலிருந்து காற்றை எடுத்தோம். நான்கு வருடம் நின்ற எஞ்சின். ஒரு மணி நேரமாவது மல்லுக்கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். 5.46க்குச் சாவியைத் திருப்பினேன்.

முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

"காத்துக்கிட்டு இருந்திருக்கும்போல," என்றான் மச்சான்.

பிரேக் மிதி தரையைத் தொட்டது. ஹேண்ட்பிரேக்கும் செத்திருந்தது. கவலைப்படவில்லை. பின்னால் எடுப்பது ஏற்றத்தில்தானே. கிளட்சை மிதித்தால் வண்டி தானாக நிற்கும், மச்சான் கட்டையை டயருக்கு அண்டக் கொடுப்பான். அவன் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போனான்.

"பாத்துடா, வழுக்கும்."

"எனக்கா சொல்றீங்க? நான் பொறந்ததே பின்னாடி பாத்துக்கிட்டுதான்."

அவன் பேசி நான் கேட்டது அன்றைக்கு அதோடு சரி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லாரி பின்னால் போகும்போது டிரைவருக்குக் கண் கிளீனர்தான். பக்கப்பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால், வரலாம். ஒரே தட்டு என்றால், நில். எஞ்சின் இரைச்சலில் வாய்ச்சத்தம் கேட்காது, பலகைச் சத்தம் கேட்கும். முப்பது வருடம் இந்தத் தட்டுக்கே வண்டி ஓட்டியவன் நான். கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டேன். காதுக்கும் காலுக்கும் நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது.

5.52. ரிவர்ஸ் போட்டேன். இந்தக் கால வண்டி இல்லை அது, ரிவர்ஸ் விழும்போது பல்லைக் கடித்து உறுமும், குச்சி கையை உதறும்.

ஓசையே இல்லாமல் விழுந்தது.

கிளட்சை மெதுவாக விட்டேன். பாரம் ஏறும்போது எஞ்சின் சத்தம் கொஞ்சம் தாழ வேண்டும். தாழவில்லை. சும்மா நிற்கிற வண்டிபோல ஒரே சீராக ஓடியது. கவனித்தேன். கவனித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த மூன்று மாதமும் எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து சத்தம் வந்தது.

தட்... தட்.

வண்டி நகர்ந்தது.

தட்... தட்.

வரலாம். போனேன். சரிவில் பின்சக்கரம் ஏறுவது இருக்கையில் தெரிந்தது. நல்ல தட்டு. அவசரம் இல்லாத, பழகின கை. என் மச்சான் இவ்வளவு ஒழுங்காகத் தட்டுகிறவன் இல்லையே என்று நினைத்தேன். அவன் தட்டினால் கல்யாண மேளம்போல இருக்கும்.

தட்... தட்.

மரத்தில் உள்ளங்கை விழுகிற சத்தம். கெட்டியான, பழைய மரம்.

எந்த மரம்?

கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி திரும்பி, கேபினின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெறும் இரும்புச் சட்டம். அதற்கப்பால் வாசல், சாம்பல் நிற வெளிச்சம், மழை.

தட்டுவதற்கு அங்கே பலகையே இல்லை.

மச்சானும் இல்லை.

தட்... தட்.

கிளட்சை மிதித்தேன். முழுதாக, தரை வரைக்கும்.

வண்டி நிற்கவில்லை.

ஏற்றத்தில்... போய்க்கொண்டிருந்தது.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் அணைந்தது. மழைச் சத்தம் மட்டும். அதற்குள்ளே, இரும்பு மெல்ல முனகும் சத்தம்.

போய்க்கொண்டிருந்தது.

தட்... தட்.

பயம் வரவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. ஒரே ஒரு நினைப்புதான். அவள் தம்பி பின்னால் இருக்கிறான்.

கத்தினேன். சத்தம் வந்ததா, தெரியாது.

தட்... தட்.

வலது கையை ஜன்னலுக்கு வெளியே விட்டேன். கதவின் மேல் ஓங்கி அறைந்தேன்.

ஒரே தட்டு.

நின்றது.

மணி 5.54.

இறங்கி ஓடினேன். மச்சான் சரிவில் குறுக்காக மல்லாந்து கிடந்தான். கட்டை ஒரு பக்கம். பின்மண்டையில் ரத்தம், மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. பின்டயருக்கும் அவன் காதுக்கும் நடுவில் என் கையை வைத்துப் பார்த்தேன். நான்கு விரல் நுழைந்தது. ஐந்தாவது நுழையவில்லை. ஏன் வைத்துப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

மூச்சு இருந்தது. கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்தேன். அவன் கால் டயரைத் தாண்டிய அந்த நொடிவரை வண்டி சரிவில் நின்றது. பிரேக் கிடையாது. கட்டை கிடையாது.

கால் தாண்டியதும் நகர்ந்தது. அவசரமில்லாமல் கீழே இறங்கி, பழைய இடத்துக்கே போய், சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல். மறுநாள் கண் விழித்ததும் மச்சான் கேட்டான்.

"வண்டி வந்துச்சா?"

"நீ எப்ப விழுந்த?"

"நீங்க கியர் போடுறதுக்கு முன்னாடியே. கட்டையோட சறுக்கிட்டேன். அப்புறம் ஒண்ணும் தெரியல."

"நீ தட்டலையா?"

"எதுல தட்ட? உங்க தலையிலயா?"

அந்தக் கேலியைக் கேட்க அவன் அக்கா இல்லையே என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

அந்த வண்டியை ஏன் எடுத்து வந்தாய் என்று என்னைத் திட்டுவீர்கள். மச்சான்தான் ஒற்றைக்காலில் நின்றான். "மண்டை உடைஞ்சது எனக்கு. எட்டாவது வண்டிய விட்டுட்டா, அந்த நாப்பது பேருக்கும் நீங்கதானே பதில் சொல்லணும்." பத்து நாள் கழித்து கிரேனில் தூக்கி வந்தோம். மானம் போனால் போகட்டும் என்று. அன்றைக்கு அந்த ஷெட் தரையில் காய்ந்திருந்த டயர் தடத்தை டேப் வைத்து அளந்தேன். என் புத்தி அப்படி. பதினெட்டு அடி.

அடுத்த வாரம் கியர்பாக்ஸைக் கழற்றி எங்கள் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். கியர் பல் பார்ப்பதில் கெட்டிக்காரர். எங்கள் வட்டத்தில் அவருக்குப் பெயரே பல் டாக்டர்தான். எங்கள் பட்டறை மேசையிலேயே வைத்துத் திறந்தார். டார்ச் அடித்தார். மறுபடியும் அடித்தார்.

"ரிவர்ஸ் பல் எங்கே?"

"உள்ளதான் இருக்கணும்."

"இருந்த இடத்துல தகடு வச்சு அடைச்சிருக்கு. நல்ல வேலைக்காரன் கை. பாருங்க, எண்ணெய்க் கறை தகட்டு மேலேயே கெட்டிப்பட்டுப் போயிருக்கு. பத்து வருஷம் இருக்கும்."

"அப்ப ரிவர்ஸ்?"

"குச்சியப் போடலாம். சும்மா விழும். இந்த வண்டி பின்னாடி போகாதுங்க."

 என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். பகல் 11.20.

"கியர்பாக்ஸைத் திறந்தோம்மா."

"ம்."

"ரிவர்ஸ் பல் இல்ல."

"எங்க வீட்டுக்காரருதான் கழட்டினாரு. பின்னாடி எடுக்கும்போது கிளீனர் சக்கரத்துல மாட்டிப் போயிட்டாரு. அந்த வாரமே கழட்டிட்டாரு. அதுக்கப்புறம் ஆறு வருஷம் முன்னாடி மட்டும்தான் ஓட்டினாரு."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"இழுத்துட்டுப் போங்கன்னு சொன்னேனே."



"உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா போனாரு?"

அவர் திருப்பிக் கேட்டார்.

"உங்களுக்கு எவ்வளவு தூரம் போச்சு?"

"பதினெட்டு அடி."

"அவரு அதுக்குப் பின்னாடி உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு," என்றார் அந்த அம்மா. "சாவி என் இடுப்புல இருந்துச்சு. அன்னைக்கு ஒன்பது அடிதான் வந்துச்சு."

போன் என் காதிலேயே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கியர்பாக்ஸ் பட்டறை மேசையில் திறந்து கிடந்தது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் வண்டி முற்றத்தில் நின்றது. அதன் பின்னால், நிழலில், ஸ்டூல் போட்டு மச்சான் உட்கார்ந்திருந்தான். தலையில் கட்டு. முதுகு வண்டிப் பக்கம்.

"டேய்... முன்னால வா."

"எதுக்கு மாமா?" என்றானே தவிர, எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. ஓடினேன்.