தன் சாட்சியைத் தானே உடைத்தவர்

சபையாரிடம் முதலில் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நம் சபை மடலில் மறைந்தவர்களைப் பற்றி எழுதுவது பெரியவர்களின் வழக்கம். நான் ஆலயத்தில் எழுந்து நின்று ஓர் அறிவிப்புகூட வாசித்ததில்லை. பேச வேண்டிய இடங்களில் எல்லாம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றே வளர்ந்தவள். தேவஇரக்கம் அண்ணாச்சியைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அவருடைய அடக்க ஆராதனையில் பேசப்பட்டதைக் கேட்ட பிறகு என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் இறந்த செய்தி எனக்கு ஓர் ஆர்டராக வந்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலை பார்க்கிறேன். காலண்டர் சீசன் என்பதால் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத நேரம். சபைச் செயலரிடமிருந்து அண்ணாச்சியின் படம் ஒன்று போனில் வந்தது. கூடவே செயலரின் குரல்: "அவசரம்மா, நாளைக்கு அடக்கம். நோட்டீசு சாயங்காலத்துக்குள்ள வேணும்." படத்தின் கீழே போட வேண்டிய வரியையும் அனுப்பியிருந்தார். 'ஜெபத்தினால் அக்கினிக்குத் தப்பிய அருமைச் சாட்சி.'

அவர் போய்விட்டார் என்பது மனதில் இறங்குவதற்கு முன்பே அந்த வரி உறுத்தியது. செயலருக்குப் போன் செய்தேன்.

"மாமா, இந்த வரி வேண்டாமே. அவுகளே இது பொய்யின்னு சொல்லிட்டாகளே."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? செத்தவுகளுக்கு மருவாதையா ஒரு வார்த்த போடணும்ல. எல்லாருக்கும் தெரிஞ்ச சாட்சிதான. சீக்கிரம் அனுப்பு, பந்தல்காரன் வேற வந்து நிக்கான்."

அப்படியே அமைத்து அனுப்பினேன். அச்சானதும் மை காயாத நோட்டீசுகளை நானே வீட்டுக்கு எடுத்து வந்தேன். அம்மா ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அந்தச் சாட்சியைச் சொல்ல வேண்டும். தாயில்பட்டிப் பக்கம் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் அண்ணாச்சி போர்மேன். என் அப்பா செல்வராஜ் அவருக்குக் கீழே மருந்து கலக்கும் அறையில் வேலை செய்தார். தினமும் காலையில் அறை வாசலில் கண்ணை மூடி நின்று ஜெபித்த பிறகே அண்ணாச்சி உள்ளே போவார். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு திங்கட்கிழமை அவர் வெளியே ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே அறை வெடித்தது. உள்ளே இருந்த அப்பாவும் முருகேசன் என்பவரும் இறந்தார்கள். அண்ணாச்சிக்கு இடது காதும் கையும் வெந்ததோடு போயிற்று.

அடுத்த வருடத்திலிருந்து, ஊரே சேர்ந்து பொங்கிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் அவர் சாட்சி சொல்லத் தொடங்கினார். "ஒரு சகோதரனுடைய கவனக்குறைவால் அந்த அறை வெடித்தது. ஜெபத்தில் நின்ற என்னை ஆண்டவர் காத்தார்." சபை முழுவதும் "ஆமென்" என்று சொல்லும். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தச் சகோதரன் யார் என்று அவர் ஒருபோதும் பெயர் சொன்னதில்லை. அதைப் பெருந்தன்மை என்று பேசிக்கொண்டார்கள். பெயர் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மருந்து கலந்தது யார் என்று ஊருக்கே தெரியும். முருகேசனின் மனைவி தெருக்குழாயில் எங்களைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அண்ணாச்சியைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய ஜெபத்தை நம்பி வெளியூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். அது அவருக்கும் தெரியும். நீளமாக ஜெபிப்பார். அசனப் பந்தியில் இளவட்டங்கள், "ஏலே, அண்ணாச்சி ஆரம்பிச்சிட்டாரு, இனி பழைய சோறுதான்" என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து முணுமுணுப்பார்கள். அவர் காதில் விழும். இன்னும் கொஞ்சம் நீட்டுவார்.

நான் பட்டம் வாங்கிய வருடம் சபையில் எனக்குப் பொன்னாடை போர்த்த முடிவு செய்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். மூப்பர் என்ற முறையில் அண்ணாச்சி போர்த்தி ஜெபிக்க வேண்டும். என்னையும் அம்மாவையும் முன்னால் கூப்பிட்டார்கள். அவர் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். "தகப்பனை இழந்த இந்தப் பிள்ளையை..." என்றவர் அங்கேயே நின்றுவிட்டார்.

அவர் அழுகிறார் என்று முதலில் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அழவில்லை. முகம் வெளுத்திருந்தது. பொன்னாடையை விரித்தபடியே பிடித்திருந்தார்.

"இந்தப் பிள்ளைக்கு இதப் போட எனக்கு அருகதையில்ல," என்றார்.

முன்வரிசையிலிருந்து செயலர் மெதுவாக, "அண்ணாச்சி, ஜெபத்த முடிங்க," என்றார்.

"முடிக்கத்தான் போறேன்."

கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு யாரோ ஜாடை காட்ட, அவன் ஒரு கீர்த்தனையைத் தொடங்கினான். அண்ணாச்சி வெந்த கையைத் தூக்கிக் காட்டினார். இசை நின்றது. பிறகு அவர் பேசினார். ஜெபிக்கும் குரலில் அல்ல, கம்பெனியில் பேசும் குரலில்.

"சனிக்கிழம வேல முடியயில மருந்து மீந்துபோச்சு. மீதி மருந்த ராத்தங்க விடக் கூடாது, தண்ணியில கரைச்சிரணும். அது எம் பொறுப்பு. அன்னைக்குக் கோயில்ல திருவிருந்துக்கு ஆயத்த ஆராதன. நாந்தான் பாவ அறிக்க ஜெபம் நடத்தணும். நேரமாச்சுன்னு மருந்த மூடி வச்சிட்டு ஓடியாந்துட்டேன். ஞாயித்துக்கெழம பூரா ஈரக் காத்து. கொஞ்சமா ஈரம் பட்டா மருந்து உள்ளுக்குள்ள சூடேறிரும். திங்கக்கெழம காலையில செல்வராசுதான் முதல்ல கதவத் தொறந்தான். வெளிய வந்து, 'மருந்து வாசன சரியில்ல போர்மேன், கொஞ்சம் வந்து பாருங்க'ன்னான். நான் ஜெபத்துல நின்னேன். கண்ணத் தொறக்கல. உள்ள போய் வேலையப் பாருன்னு கைய மட்டும் ஆட்டுனேன். அவன் போனான். முருகேசனும் கூடப் போனான்."

தூக்கியிருந்த கையை இறக்கினார்.

"ஜெபம் என்னையக் காப்பாத்தல. ஜெபத்தக் காட்டி அவுகள உள்ள அனுப்புனேன். கவனமில்லாம இருந்தது நான். செல்வராசு கவனமாத்தான் இருந்தான்."

பொன்னாடையை மடித்துப் பலிபீடப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆராதனையை எப்படி முடித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. வெளியே வந்ததும் என் சித்தப்பா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். சுற்றிலும் ஆட்கள். யாராவது ஒருவர் கை ஓங்கினால் போதும் என்ற நிலை. அண்ணாச்சி கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அம்மா கூட்டத்துக்குள் நுழைந்து, "சட்டைய விடு. கிழிஞ்சா அதுக்கும் நம்மளத்தான் சொல்லுவாக," என்றாள். சித்தப்பா விட்டார். அம்மா அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலையில் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வெயிலில் நின்றபடியே சொன்னார்.

"மன்னிப்புக் கேக்க வரல தாயி. அதக் கேட்டா, ஒங்ககிட்டயிருந்து இன்னொண்ணையும் வாங்கிட்டுப் போக வந்தவனாயிருவேன். கேக்க வேண்டியது ஏதும் இருந்தா கேளுங்க. சொல்றேன்."

அம்மா வாசல்படி வரை வந்தாள். பிறகு, "கடைசியா அவுக வேற எதுவும் சொன்னாகளா?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி. செருப்பக் கழட்டி ஓரமா வச்சிட்டு உள்ள போனான்."

அம்மா உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். அன்று எங்கள் வீட்டில் சமைக்கவில்லை. அவர் எங்கள் வாசலிலிருந்து முருகேசன் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து காவல் நிலையத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். கேஸ் எப்போதோ முடிந்துவிட்டது, கம்பெனியே இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். அந்த வாரம் தெருக்குழாயில் முருகேசனின் மனைவி தன் குடத்தை நகர்த்தி அம்மாவின் குடத்துக்கு இடம் விட்டார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

அதன் பிறகு அண்ணாச்சி மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டார். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரும் வரிசை வரிசையாக முன்னால் போய் முழங்காலிடும்போது அவர் மட்டும் கடைசிப் பெஞ்சில் இருப்பார். சபையின் கண்கள் ஒருமுறை அவரையும் ஒருமுறை அம்மாவையும் பார்க்கும். மன்னித்தேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருக்கும். வீட்டுக்கே வந்து கேட்டவர்களும் உண்டு.

"மன்னிச்சேன்னு சொல்லிரு ஞானம்மா. பாவம், மனுசன் ஒடஞ்சு போயிட்டாரு."

"அவுக கேக்கலையே. நீங்க எதுக்கு அவுகளுக்காகக் கேக்கீக?" என்றாள் அம்மா. "என் வீட்டுக்காரரக் குத்தம் சொன்னப்ப இம்புட்டுப் பேரு வரலையே."

இது அவர் காதுக்கும் போயிற்று. ஒருநாள் சாத்தூர் பேருந்துக்கு நிற்கும்போது என்னிடம் வந்து, "அம்மா சொன்னது சரிதாம்மா. அவுகள அவசரப்படுத்த யாருக்கும் உரிமை கெடையாது. ஒடஞ்சது நானு. ஒட்ட வைக்கிற வேலைய அவுக தலையில கட்டக் கூடாது," என்றார். மனம் நொறுங்குவதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நொறுங்கியவர் அதற்காக யாரிடமும் எதையும் எதிர்பார்க்காமல் நிற்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

அவருடைய ஜெபமும் மாறிப்போனது. ஒரு கலியாண வீட்டில் பழக்க தோஷத்தில் சாப்பாட்டுக்கு அவரை ஜெபிக்கச் சொல்லிவிட்டார்கள். "ஆண்டவரே, பசிக்குது. குடுத்திருக்கீங்க. நன்றி," என்று உட்கார்ந்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, சோறு சுடுதே," என்றான் ஒருவன். எல்லோரையும்விட அவர்தான் அதிகம் சிரித்தார்.

கடைசியில் நெஞ்சுச் சளி முற்றி விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, அம்மா யாரிடமும் சொல்லாமல் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றி, "வா, போயிட்டு வருவோம்," என்றாள். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"ஒங்க கையால நான் எப்படித் தாயி..."

"கஞ்சிதான. குடிங்க, ஆறிரும்."

குடித்தார். அம்மா தம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள். மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் வரவில்லை. புறப்படும்போது அவர் என்னைப் பார்த்து, "நான் போன பெறகு சனங்க பழைய சாட்சியத்தான் எடுப்பாகம்மா. கேக்க அதுதான நல்லா இருக்கு. நீ படிச்ச பிள்ள. விட்டுறாத," என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அடக்கத்தன்று வெளியூர்ப் போதகர் ஒருவர் பழைய சாட்சியையே சொன்னார். ஒரு சகோதரனுடைய கவனக்குறைவு என்பதையும் விடவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்பித்தான் பேசினார், அவரைக் குறை சொல்லவில்லை. "ஆமென்" என்ற சத்தம் எழுந்தது. நிஜத்தைக் கேட்டிருந்தவர்களின் வாயிலிருந்தும் எழுந்தது. பக்கத்தில் அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. எழுந்து நின்று பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, பொன்னாடையைப் பிடித்திருந்த அந்தக் கை. எனக்குக் கிடைத்த பட்டத்தைவிட, அன்று போர்த்தப்படாமல் போன அந்தப் பொன்னாடையில்தான் என் அப்பாவின் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஊர் முழுவதும் புகழ்ந்த ஒன்றை அவர் தன் வாயாலேயே உடைத்துத் தந்தார்.

இனிக் கடைசிவரை தள்ளிவைத்த என் வேண்டுகோள். கல்லறைக் கல்லிலும் நோட்டீசில் இருந்த அதே வரியைப் பொறிக்கக் கமிட்டி முடிவு செய்திருப்பதாக அறிகிறேன். தயவுசெய்து அதைப் பொறிக்க வேண்டாம். அவர் பெயர் மட்டும் போதும். அந்த வரி அங்கே நின்றால் என் அப்பா மறுபடியும் கவனமில்லாதவர் ஆகிவிடுவார். அதைவிட, அந்தப் பொய்யிலிருந்து வெளியே வர அண்ணாச்சி எவ்வளவு பாடுபட்டார் என்பதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். ஒருமுறை அவரை மண்ணில் அடக்கம் செய்துவிட்டோம். மறுபடியும் அந்தச் சாட்சிக்குள் அடக்கம் செய்துவிடாதீர்கள்.